விரிந்த சுரக்கூட்டும் நம் இளைஞரும்



நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளிவிழாக் காணும் இந்நன்னாளில், இடஒதுக்கீடு, உயர்கல்வி, போட்டித் தேர்வு ஆகியவற்றைக் குறித்து அறிஞர் பலர் உரையாற்றுகின்றனர். நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளோ கிட்டார். அதிலும் ஜாஸ் இசையில் வழங்கும் விரிந்த சுரக்கூட்டுகளைக் கிட்டாரில் கற்கும் முறை. கல்விச் சங்கத்தின் மேடையில் இதற்கென்ன வேலை என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயம் நியாயமானதே. நம் தெருக்களில் இன்று மாலை வேளையில் கிட்டாரும் கையுமாய் அமரும் பிள்ளைகள் பெருகியுள்ளனர். பாடப் புத்தகத்தை விட்டுப் பாட்டுக்குப் போகிறானே என்று பெற்றோர் கவலுறுகின்றனர். பிள்ளைகளோ இசை நம் இரத்தத்தில் ஊறியது, நமக்குப் பாடம் எதற்கு என்கின்றனர். இவ்விரு தரப்பாருக்கும் விடையளிப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் இளைஞர்களுக்கு ஒன்று கூறுவோம். இசை இரத்தத்தில் ஊறியது என்னும் சொல் கேட்பதற்கு இனிமையானது. ஆனால் நமக்குக் கேடு செய்வது. பறை முழக்கும் நம் பெரியவரைப் பாருங்கள். எந்த அளவு தீயில் தோலைக் காய்ச்ச வேண்டும், அடிகுச்சி எங்கே விழ வேண்டும், சிண்டுகுச்சி எங்கே விழ வேண்டும், எந்த அடிக்குப் பின் எந்த அடி வரும் என்பவற்றை அவர் சிறுவயது முதல் பார்த்தும், அடித்தும், திருத்தப்பட்டும் கற்றார். அது கணக்கு. அது பயிற்சி. அதனை இரத்தம் என்று சொல்லிவிட்டால், அவர் கற்ற கல்வி கல்வியாகாமற் போகிறது. கோயில் மண்டபத்தில் பாடுபவருக்கு வித்தை என்றும், நம்மவருக்குப் பிறவிக் குணம் என்றும் பெயர் சூட்டுவது நம்மை உயர்த்தும் புகழுரையன்று. பிறப்பால் தொழில் என்னும் பழைய கோட்பாடே புகழுரையின் உடை உடுத்து வருகிறது.

கல்வி யாருக்கு உரியது என்னும் வினா நம் மண்ணில் பழையது. பாகூரில் பல்லவர் காலத்தில் ஒரு பெருங்கல்லூரி இருந்தது என்பதை நாம் பெருமையுடன் பேசுகிறோம். 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் எழுதப்பட்ட பாகூர்ச் செப்பேடு, அவ்வித்தியாத்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. அவ்வூர்களின் நிலத்தை உழுது, நாற்று நட்டு, நெல் அறுத்துக் கொடுத்த கைகளுக்கும் அக்கல்லூரியில் இடம் இருந்தது என்று செப்பேடு கூறவில்லை. விளைச்சல் நம்முடையது, வித்தை பிறருடையது என்றிருந்த அந்தக் காலத்தை மாற்றவே இத்தகைய சங்கங்கள் தோன்றின. ஆதலின், எந்தக் கல்வியையும் இது நமக்குரியதன்று என்று நாமே தள்ளிவைத்தல் ஆகாது. அண்ணல் அம்பேத்கர் சட்டமும் பொருளாதாரமும் கற்றதோடு அமையாமல், பிற்காலத்தில் வயலினும் பயின்றார் என்பதை இங்கு நினைவூட்டுகிறோம்.

இனி ஜாஸ் இசைக்கு வருவோம். அமெரிக்க நாட்டின் நியூ ஆர்லியன்சு நகரம் 1718இல் பிரெஞ்சுக்காரரால் நிறுவப்பட்டது. நம் புதுச்சேரியை ஆண்ட அதே பிரெஞ்சு அரசுதான் அங்கும் ஆண்டது. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணரப்பட்ட மக்களை அடக்கிவைக்க லூசியானாவுக்கென 1724இல் அடிமைச் சட்டம் ஒன்றை அவ்வரசு பிறப்பித்தது. அதே 18ஆம் நூற்றாண்டில் நம் கடற்கரையிலிருந்தும் ஏழை மக்கள் அடிமைகளாக மொரீசியசு, ரீயூனியன் தீவுகளுக்கு அனுப்பப்பட்டனர். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து நம்மவர் கப்பலேறினர். 1853இல் மார்த்தினிக் தீவையும், 1854இல் குவாதலூப் தீவையும் அடைந்தனர். ஆகவே கறுப்பின மக்களின் வரலாறு நமக்கு அயல்வீட்டுச் செய்தியன்று.

நியூ ஆர்லியன்சு நகரின் காங்கோ சதுக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமை மக்கள் கூடிப் பறையறைந்து ஆடினர். வேறு இடங்களில் அந்த உரிமையும் இல்லை. தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபின், 1740ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குப் பறையையே தடை செய்தது. அங்கே பறையைப் பறித்தார்கள். இங்கே சாவுக்கு அடிக்கவெனப் பறையைத் திணித்தார்கள். இரண்டும் மனிதனின் இசையை அவன் விருப்பத்திலிருந்து பிரித்த கொடுமையே. அம்மக்களின் வழித்தோன்றல்கள் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கியதே ஜாஸ். இந்த உறவை நம் முன்னோர் முன்னமே உணர்ந்திருந்தனர். மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் தாம் எழுதிய குலாம்கிரி நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டியூபாய்சுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மும்பையில் தோன்றிய தலித் பேந்தர் இயக்கம் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தழுவியது.

அந்தக் கறுப்பினக் கலைஞர்களையும் உலகம் பிறவி மேதைகள் என்றே புகழ்ந்தது. உண்மை என்ன? சாக்சபோன் மேதை சார்லி பார்க்கர் தம் இளமையில் மூன்று நான்கு ஆண்டுகள் நாளொன்றுக்கு 11 முதல் 15 மணி நேரம் வரை பயின்றதாக அவரே கூறியுள்ளார். 1939இல் நியூயார்க்கில் பிடி ஃபிளீட் என்னும் கிட்டார் கலைஞருடன் சேர்ந்து வாசித்துப் பழகியபோதுதான், சுரக்கூட்டின் மேற்சுரங்களைக் கொண்டே புதிய மெட்டுகளைப் பின்னலாம் என்னும் வழி அவருக்குப் புலப்பட்டது. கிட்டார் மேதை வெசு மாண்ட்கோமரி பகலில் தொழிற்சாலையில் உழைத்து, இரவில் விடுதிகளில் வாசித்தார். இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டே பயின்றார். ஐரோப்பாவில் நம்மைப் போலவே ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட ரோமா இனத்தில் 1910இல் பிறந்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டு, 1928இல் தம் வண்டிவீட்டில் நேர்ந்த தீவிபத்தில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கப்பெற்றார். எஞ்சிய விரல்களுக்கு ஏற்பப் புதிய பிடிகளைத் தாமே அமைத்துக்கொண்டு உலகப் புகழெய்தினார். பள்ளிக்கூடத்தில் கற்றாலென்ன, காதால் கற்றாலென்ன, கற்றல் கற்றலேயாகும்.

நம் தமிழகத்திற்கு வருவோம். பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா அவர்களை அறியாதார் இலர். அவர் தம்மைச் சாதியின் பெயரால் குறிப்பதை விரும்பாதவர்; அவ்விருப்பத்தை நாமும் மதிக்கிறோம். அவர் கற்ற முறையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். தமையனார் பாவலர் வரதராசனின் குழுவில் ஊரூராகச் சென்று பாடி வாசித்தவர் அவர். கேள்வி ஞானத்திற்கு அவரிடம் குறைவில்லை. அத்துடன் நின்றிருந்தால் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆயினும் சென்னை வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசையை முறையாகப் பயின்றார். சுரங்களைத் தாளில் எழுதக் கற்றார். இலண்டன் டிரினிட்டி இசைக்கல்லூரியின் கிட்டார்த் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். ஜி.கே. வெங்கடேஷ், சலீல் சௌத்ரி போன்ற இசையமைப்பாளர்களுக்குக் கிட்டார் வாசித்தார். 1976இல் அன்னக்கிளி வெளிவந்தபோது நாடு கேட்டது கிராமத்து மெட்டை. அம்மெட்டின் பின்னே நின்றது ஆண்டுக்கணக்கில் கற்ற சுரக்கூட்டியல். அதே கல்வி, 2025 மார்ச்சு 8ஆம் நாள் இலண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றும் வரை அவரை அழைத்துச் சென்றது.

சரி, அந்தச் சுரக்கூட்டியல்தான் என்ன? பெரியோரும் விளங்கிக்கொள்ளும்படி நம் சுரங்களைக் கொண்டே கூற முயல்வோம்.

நம் இசையில் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மேலையிசையில் பல சுரங்களை ஒரே வேளையில் ஒலிப்பர். அதுவே கார்டு எனப்படும் சுரக்கூட்டு. சங்கராபரணத்தின் சுரங்களை ச, ரி, க, ம, ப, த, நி என எழுதி, ஒன்று விட்டு ஒன்று எடுங்கள். ச, க, ப என மூன்று கிடைக்கும். இஃது எளிய கூட்டு. நம் பிள்ளைகள் முதலில் பழகுவதும் இதுவே. அதற்கு மேலும் ஒன்று விட்டு எடுத்தால் நி வரும். இது ஏழாம் சுரம். பெரும்பாலோர் இங்கே நின்றுவிடுவர். விடாது எண்ணினால் மேல் ரி 9ஆம் சுரமாகவும், மேல் ம 11ஆம் சுரமாகவும், மேல் த 13ஆம் சுரமாகவும் அமையும். அடுத்து வரும் 15ஆவது மீண்டும் ச. ஏழு சுரங்களும் இடம்பெற்றுவிட்டன. ஏழுக்கு அப்பால் எண்ணப்படும் இவற்றையே விரிந்த சுரக்கூட்டுகள் என்கிறோம்.

இங்கே ஓர் இடர் உண்டு. சுரம் ஏழு, கிட்டாரில் தந்தி ஆறு, அழுத்தும் விரலோ நான்கு. எனவே எதை விடுவது என்பதே முதற்பாடம். கூட்டின் இயல்பை அறிவிப்பவை மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும். அவ்விரண்டையும் காக்க வேண்டும். ஐந்தாம் சுரம் நீங்கினால் பெரிதும் குறை தோன்றாது. உடன் வேறொருவர் பேஸ் கிட்டார் வாசிப்பாராயின், அடிச்சுரத்தையும் அவரிடம் விட்டுவிடலாம். ஆறு தந்தியையும் ஒருசேர இழுத்து ஓசையெழுப்புவது விரிந்த கூட்டாகாது என்பதை இளைஞர் உணர வேண்டும்.

கையில் கிட்டார் உள்ள பிள்ளைகள் இம்மூன்று பிடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மெல்லிய தந்தி முதலாவது, தடித்தது ஆறாவது. பிரெட் எனப்படும் மெட்டுகளைத் தலைப்பகுதியிலிருந்து எண்ணுக. சி என்னும் சுரத்தை ச எனக் கொள்வோம்.

முதலாவது, டி மைனர் நைன்த். 5ஆம் தந்தியில் 5ஆம் மெட்டு, 4ஆம் தந்தியில் 3ஆம் மெட்டு, 3ஆம் தந்தியிலும் 2ஆம் தந்தியிலும் 5ஆம் மெட்டு. ஒலிப்பவை ரி, ம, ச, க.

இரண்டாவது, ஜி தர்ட்டீன்த். 6ஆம் தந்தியிலும் 4ஆம் தந்தியிலும் 3ஆம் மெட்டு, 3ஆம் தந்தியில் 4ஆம் மெட்டு, 2ஆம் தந்தியில் 5ஆம் மெட்டு. 5ஆம் தந்தி ஒலிக்கலாகாது. ஒலிப்பவை ப, ம, நி, க.

மூன்றாவது, சி மேஜர் நைன்த். 5ஆம் தந்தியில் 3ஆம் மெட்டு, 4ஆம் தந்தியில் 2ஆம் மெட்டு, 3ஆம் தந்தியில் 4ஆம் மெட்டு, 2ஆம் தந்தியில் 3ஆம் மெட்டு. ஒலிப்பவை ச, க, நி, ரி. இம்மூன்று பிடிகளிலும் முதல் தந்தியைத் தொட வேண்டா.

இவற்றை வரிசையாக வாசித்துப் பாருங்கள். அடிச்சுரம் ரி, ப, ச எனத் தாவுகிறது. மேலேயுள்ள தந்திகளிலோ அசைவு மிகச் சிறிது. 4ஆம் தந்தியில் ம, ம, க. 3ஆம் தந்தியில் ச, நி, நி. 2ஆம் தந்தியில் க, க, ரி. ஒரு கூட்டிலிருந்து அடுத்த கூட்டுக்குச் சில சுரங்கள் அப்படியே தங்க, சில ஒன்றிரண்டு மெட்டு மட்டும் நகர்கின்றன. இந்த இரண்டு, ஐந்து, ஒன்று என்னும் நடையே ஜாஸ் பாடல்களில் மிகுதியாக வருவது. இதனைப் பன்னிரண்டு சுருதிகளிலும் வாசிக்கப் பழகியவன், பல பாடல்களுக்கு வாயிலைத் திறந்தவனாவான்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ச, க, ப என்னும் பெருங்கூட்டின் மேல் 11ஆம் சுரமாகிய சுத்த மத்திமத்தை வைத்தால் அது காந்தாரத்தோடு மோதி உறுத்தும். ஆதலின் ஜாஸ் கலைஞர் அவ்விடத்தில் அதனை அரைச்சுரம் உயர்த்தி வாசிப்பர். அதாவது, சங்கராபரணத்தை விட்டுக் கல்யாணியின் பிரதி மத்திமத்திற்குச் செல்வர். நம் இசையறிவு மேலையிசைக்கு இடையூறு என்று கருதுவோர்க்கு இஃதொரு விடை. இன்னொன்றும் காண்க. மோகனத்தின் சுரங்கள் ச, ரி, க, ப, த. கிட்டாரில் 5ஆம் தந்தியில் 3ஆம் மெட்டையும், 4ஆம், 3ஆம் தந்திகளில் 2ஆம் மெட்டையும், 2ஆம், 1ஆம் தந்திகளில் 3ஆம் மெட்டையும் அழுத்தினால் அவ்வைந்து சுரங்களும் ஒரே பிடியில் ஒலிக்கும். மேலையார் அதனைச் சி சிக்சு நைன் என்பர். நடவுப் பாட்டிலோ தாலாட்டிலோ மோகனத்தின் சாயல் தென்படுமிடத்தில் இக்கூட்டை மென்மையாக வைத்துப் பாருங்கள்; பாட்டுக்கு ஊறு நேராது. ஆனால் எல்லா அடியிலும் கூட்டை மாற்றிக்கொண்டே போனால் மெட்டு மூச்சுத் திணறும். பறை முழங்கும்போது கிட்டார் இடைவெளியில் பேச வேண்டும். பறையின் மேல் ஏறிப் பேசலாகாது.

பயிலும் முறையைச் சுருக்கிச் சொல்வோம். முதல் சில மாதங்கள் எளிய மூன்று சுரக் கூட்டுகள். உடனே 5ஆம், 6ஆம் தந்திகளில் ஒவ்வொரு மெட்டின் சுரப்பெயரையும் மனப்பாடம் செய்தல். அடுத்து ஏழாம் சுரக் கூட்டுகள். பின்னர் மூன்று, ஏழு ஆகியவற்றை மட்டும் அடிச்சுரத்தோடு வைக்கும் சிறுபிடிகள். அவற்றின் மேல் 9உம் 13உம் சேர்த்தல். ஒவ்வொரு பிடியையும் குறிப்பேட்டில் ஆறு கோடு வரைந்து எழுதி, அருகே அதிலுள்ள சுரங்களின் பெயரையும் எழுதுக. விரல் வைக்குமிடம் மட்டும் தெரிந்து சுரம் தெரியாதவன், எழுத்தறியாமல் கையெழுத்து மட்டும் போடக் கற்றவனை ஒப்பான். நாள்தோறும் வீட்டுப்பாடம் முடிந்தபின் அரைமணி நேரம் போதும். வாரத்தில் ஒரு நாள் நான்கு மணி நேரம் வாசிப்பதைவிட அது மேல். விரல் நுனி நோவது முதற் சில வாரங்களே. களை பறித்த கைக்கு அது பெரிதன்று.

பெற்றோர் அச்சத்திற்கும் விடை கூற வேண்டும். கிட்டார் கற்றவர் எல்லாரும் திரையிசைக்குப் போய்விடுவர் என்று நாம் கூறவில்லை. இசையால் மட்டும் பிழைப்பது கடினம். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் விட்டுவிட்டு இசைக்குப் போ என்று எந்த ஆசிரியனும் சொல்லமாட்டான். ஆயினும் ஒன்று விட்டு ஒன்று எண்ணி, எதைக் காப்பது எதை விடுவது என்று ஆராய்ந்து, நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளும் பழக்கம் கணக்குப் பாடத்திற்கும் உதவும். இசையையே தொழிலாகக் கொள்ள விரும்புவோர்க்கும் வழியில்லாமலில்லை. டிரினிட்டி போன்ற கழகங்கள் எட்டுப் படிநிலைகளில் தேர்வு நடத்துகின்றன. அரியாங்குப்பத்திலுள்ள அரசின் பாரதியார் பல்கலைக்கூடத்தில் நம் இசையைப் பயிலலாம். நாட்டுப்புற இசையை ஆய்ந்தும், நம் மக்களின் விடுதலைப் பாடல்களை மேடைதோறும் பாடியும், புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியும் 2016இல் மறைந்த முனைவர் கே.ஏ. குணசேகரன், இசையும் ஆய்வும் ஒருவரிடமே விளங்கும் என்பதற்குச் சான்று. 2018 சனவரியில் சென்னையில் முதன்முதல் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, பறையையும் கானாவையும் கிட்டாரையும் ஒரே வரிசையில் நிறுத்திச் சாதி ஒழிப்பைப் பாடியது. பறையா, கிட்டாரா என்று நம் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியதில்லை.

முடிவாகச் சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். நம் மாலைநேரப் படிப்பகத்தில் இரண்டு கிட்டார்களைச் சங்கத்தின் பொதுவுடைமையாக வாங்கி வைத்தல் வேண்டும். சொந்தமாக வாங்க இயலாத பிள்ளைக்கும் தந்தி கைக்கெட்ட வேண்டும். இரண்டாவது, பெண்பிள்ளைகளுக்கு ஆண்பிள்ளைகளுக்கு ஒப்பாக நேரம் ஒதுக்குதல் வேண்டும். கேட்டால் தருவோம் என்றிராமல், பெயரெழுதி முறை வைத்துத் தர வேண்டும். மூன்றாவது, நம் ஊர்ப் பறைக் கலைஞர்களை அதே படிப்பகத்திற்கு ஆசிரியராக அழைத்து, மாலையிட்டு, மதிப்பூதியம் தந்து, அவர்தம் அடிகளைப் பிள்ளைகள் எழுதிவைக்கச் செய்தல் வேண்டும். அவர்கள் தரையில் அமர்ந்து கற்பிக்க, கிட்டார் ஆசிரியர் நாற்காலியில் அமரும் நிலை வருமாயின், நாம் எதையும் கற்றவராக மாட்டோம்.

இளைஞர்களே, மூன்று சுரத்தோடு நின்றாலும் பாட்டு வரும், கைதட்டலும் வரும். அதுவே போதும் என்று பிறர் நம்மிடம் சொல்லக்கூடும். நம்மில் சிலரே சொல்லவும் கூடும். அடுத்த சுரத்தின் பெயரென்ன என்று கேளுங்கள். ஏழைக் கடந்து ஒன்பதும், பதினொன்றும், பதின்மூன்றும் எண்ணுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் இம்மேடையில் நம் பிள்ளைகள் பறையோடு கிட்டாரும் இசைத்து, தாம் வாசித்த ஒவ்வொரு கூட்டிலும் உள்ள சுரங்களைக் கேட்போர்க்கு விளக்கவும் வல்லவராக வேண்டுமென விழைகிறோம்.